பேய் என்றால் செத்தவரா?

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயிலில் 11ஆம் நூற்றாண்டு வீரராசேந்திர சோழனின் நீண்ட கல்வெட்டு இருக்கிறது. 15 படுக்கை கொண்ட ஆதுலசாலையில் வைத்தியர், அறுவை செய்பவர், மூலிகை கொண்டுவருவோர், மருந்து காய்ச்சும் பெண்கள், நாவிதர் என ஆளாளுக்கு நெல் அளந்த கணக்கு அதில் உண்டு; பேயோட்டிக்கு ஒரு படிகூட இல்லை. அதைக் கொண்டு அக்காலத்தார் பேயை நம்பவில்லை என்று சொல்லிவிட முடியாது. கோயிலைச் சார்ந்தோருக்கும் வேதம் படித்தோருக்குமான மருத்துவமனை அது. ஊர் வழக்கம் வேறாக இருந்திருக்கலாம். பேயை அந்த மூலிகைக்காரர்கள் அலைந்த வேலியோரத்தில் தேடுவதே மேல்.

பேய்ச்சுரை, பேய்ப்பீர்க்கு, பேய்க்கரும்பு: இவை எதிலும் இறந்தவர் எவரும் இல்லை. தோட்டத்துக்கு அடங்காமல் தானே முளைத்து, வாயில் வைக்க விடாத காட்டு உறவுகள் இவை. (பட்டினத்தார் கதையில் பேய்க்கரும்பு இனித்தது அதிசயமானதே அதனால்தான்.) ஏரி உடையக் கொட்டினால் பேய்மழை. தொல்காப்பிய உரியியல் ‘பே’ என்பதை அச்சப் பொருள் தரும் சொற்களில் சேர்க்கிறது. அச்சமும் அளவு மீறலும்தான் இச்சொல்லின் வேர்ப்பொருள், பிணம் அன்று என்பது என் கட்சி.

சங்கப் பாடல்களில் பேய் சுடுகாட்டிலும் போர்க்களத்திலும்தானே திரிகிறது என்று கேட்கலாம். திரிகிறது, ஆனால் பிணம் தின்ன வருகிறதே தவிர, பிணத்திலிருந்து எழுந்து வருவதில்லை. வீரராசேந்திரனுக்குச் சில பத்தாண்டுகள் பின்வந்த கலிங்கத்துப்பரணியிலும் பேய்கள் காளியின் பரிவாரம். பசியோடு காத்திருந்து களத்தில் கூழ் அட்டுக் குடிப்பவை. அவற்றில் எதுவும் முன்பு மனிதராக வாழ்ந்த கதை சொல்வதில்லை. ‘பேய்’ வெறும் இழிசொல்லாக இருந்திருந்தால் ஐங்குறுநூற்றின் முல்லையைப் பாடியவர் பேயனார் ஆகியிருக்க மாட்டார்; பக்தியில் தன்னை மறந்தவரைப் பேயாழ்வார் என்று வைணவம் கும்பிட்டிருக்காது.

அகால மரணம் அடைந்தவர் பேயாக அலைவார் என்ற நம்பிக்கை இன்று வலுவாக இருப்பதை மறுக்கவில்லை. பொருள் அங்கே நகர்ந்துவிட்டது. ஆயினும் முழுதாக நகரவில்லை. திரித்துவத்தின் மூன்றாம் ஆளை இஸ்பிரீத்து சாந்து என்று போர்த்துகீசியத்தை அப்படியே சொல்லிவந்த தமிழ்க் கத்தோலிக்கர், பிறகு தமிழில் தேர்ந்தது ‘பேயை’ அன்று; மூச்சையும் உயிரையும் இட்லிப்பானையின் நீராவியையும் ஒருசேரக் குறிக்கும் ‘ஆவி’யை. பேய்ச்சுரையின் கசப்பு அந்தச் சொல்லில் இல்லை.