வெள்ளிக் கேத்தலின் அடியில் ஒரு பிறப்புச் சான்று

பிரித்தானியாவின் பழைய வெள்ளிப் பாத்திரங்கள் சுத்த வெள்ளியால் ஆனவை அல்ல. சுத்த வெள்ளி மென்மையானது, இலகுவில் நெளிந்துவிடும். ஆகவே 1000 பங்கில் 925 பங்கு வெள்ளியும், மீதிக்குப் பெரும்பாலும் செம்பும் சேர்த்து உருக்கினார்கள். இதுவே ‘ஸ்டேர்லிங்’ வெள்ளி.

இலங்கை மலைநாட்டுக்கு இவை துரைமாரோடு வந்தன. 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லருக்கு, 1892இல் அவர் இறப்பதற்குச் சற்று முன், தோட்டத் துரைமார் சங்கம் நன்றிக்கடனாக அளித்தது ஒரு வெள்ளித் தேநீர்ச் செட். அரநாயக்க, கேகாலைப் பக்கத்துத் தோட்டங்களில் கொழுந்தெடுத்த கைகளுக்கு எட்டாத மேசை அது. ஆனால் அந்தப் பாத்திரங்களைத் துலக்கி மினுக்கியவர்கள் பங்களா வேலையாட்களே.

கேத்தலைக் கவிழ்த்துப் பார்த்தால் அடியில் சிறு முத்திரைகள் வரிசையாகத் தெரியும். நடக்கும் சிங்கம் தரத்தைக் காட்டுகிறது. முத்திரையிட்ட ஊரையும் அறியலாம்: சிறுத்தைத் தலை லண்டன், நங்கூரம் பேர்மிங்காம், கிரீடம் ஷெபீல்ட். ஓர் எழுத்து ஆண்டைக் குறிக்கும். முதலெழுத்துகள் செய்தவரைச் சொல்லும். அரசர் அல்லது அரசியின் தலை இருந்தால் வரி கட்டிய பொருள், 1784க்கும் 1890க்கும் இடைப்பட்டது. கைபிடியில் இரண்டு மெல்லிய தந்த வளையங்கள் இருப்பதுண்டு. கொதிநீரின் சூடு கைக்கு ஏறாமல் தடுப்பது அவற்றின் வேலை.

எல்லா வெள்ளைப் பளபளப்பும் வெள்ளியல்ல. 1743 அளவில் ஷெபீல்டில் தோமஸ் போல்சோவர் செம்பின் மேல் வெள்ளித் தகட்டை உருக்கி ஒட்டும் முறையைக் கண்டார். தேய்ந்தால் விளிம்பில் செம்பின் சிவப்பு எட்டிப் பார்க்கும். 1840இல் எல்கிங்டன் நிறுவனத்தார் மின்சாரத்தால் முலாம் பூசும் முறைக்குக் காப்புரிமை பெற்றனர். ‘ஈ.பி.என்.எஸ்’ என்று பொறித்திருந்தால் அது வெள்ளி முலாம் பூசிய நிக்கல் கலவை.

வெள்ளியைக் கறுக்க வைப்பது கந்தகம். முட்டை மஞ்சட்கரு பட்டால் கறுக்கும் என்பதால் முட்டைக் கரண்டிக்குத் தங்க முலாம் பூசினார்கள். உப்பு அரிக்கும் என்பதால் உப்புக் கிண்ணத்துக்குள் நீலக் கண்ணாடி வைத்தார்கள். றப்பர் பட்டியால் கரண்டிகளைக் கட்டி வைத்தாலும் கறைபடும்.

சாம்பலும் புளியும் போட்டு அழுத்தித் தேய்க்கக் கூடாது. மெல்லிய துணியும் இளஞ்சூட்டு நீரும் சவர்க்காரமும் போதும். கறை போனால் திரும்ப வரும். முத்திரை தேய்ந்தால் திரும்ப வராது. அதோடு பாத்திரத்தின் வயதும் ஊரும் செய்தவரின் பெயரும் போய்விடும். பழைய வெள்ளி கைக்கு வந்தால் முதலில் அடியைப் பாருங்கள், மினுக்குவது பிறகு.