கடை வழியாக வந்த நிவாரணம்

நாட்டில் பணப்புழக்கம் குறைந்தால் அது முதலில் தெரிவது மளிகைக் கடையில்தான். ஒரு கிலோ வாங்கியவர் அரைக் கிலோ கேட்பார். பற்று நோட்டில் பக்கங்கள் நிரம்பும். 1929ஆம் ஆண்டு பங்குச் சந்தை சரிந்த பின் அமெரிக்க வியாபாரிகள் கண்டதும் இதைத்தான். 1933இல் அங்கே உழைப்பாளர்களில் நால்வரில் ஒருவருக்கு வேலை இல்லை.

கிராமங்களில் விளைபொருள் விலை போகாமல் தேங்கிக் கிடக்க, நகரங்களில் மக்கள் உணவுக்கு வரிசையில் நின்றார்கள். உபரியை அரசே வாங்கி ஏழைகளுக்கு நேரடியாக வழங்கியது. பசி தணிந்தது, ஆனால் சரக்கு தனி வழியில் போனதால் சில்லறைக் கடைக்கும் மொத்த வியாபாரிக்கும் அதில் பங்கில்லை.

இதற்கு மாற்றாக 1939 மே 16 அன்று நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில் உணவுக் கூப்பன் திட்டம் தொடங்கியது. உதவி பெறும் குடும்பம் ஒரு டாலர் கொடுத்து ஆரஞ்சு நிறக் கூப்பன் வாங்கினால், அரை டாலருக்கு நீல நிறக் கூப்பன் இலவசம். ஆரஞ்சுக் கூப்பனுக்கு எந்த உணவுப் பொருளும் வாங்கலாம். நீலக் கூப்பனுக்கு வெண்ணெய், முட்டை, மாவு போன்று அரசு உபரி என்று அறிவித்தவை மட்டுமே. கடைக்காரர் கூப்பனைக் கொடுத்து அரசிடம் பணம் பெற்றுக்கொண்டார்.

இதிலுள்ள கணக்கை நாம் கவனிக்க வேண்டும். வழக்கமான செலவைக் குடும்பம் குறைத்துவிடாமல் ஆரஞ்சுக் கூப்பன் காத்தது. நீலக் கூப்பன் கூடுதல் விற்பனையைத் தந்தது. ஏழைக்கு உணவு, விவசாயிக்கு விலை, கடைக்கு வியாபாரம் என மூன்றும் ஒரே செலவில் நடந்தன.

ஆனால் அதே ஆண்டு அக்டோபரிலேயே விதி மீறிய கடைக்காரர் ஒருவர் பிடிபட்டார். ஒருவர் செய்யும் தவறு எல்லாக் கடைகளின் மீதும் சந்தேகத்தை வரவழைக்கும்.

நான்கு ஆண்டுகளில் சுமார் 2 கோடிப் பேர் பயனடைந்தனர். போரினால் வேலையும் பெருகி உபரியும் தீர்ந்ததால், 1943இல் திட்டம் நின்றது. 1961இல் சோதனை முறையில் மீண்டும் வந்து, 1964இல் சட்டமானது. இன்று கூப்பனுக்குப் பதில் மின்னணு அட்டை. கடை வழியே வழங்கும் முறை மட்டும் மாறவில்லை.

நிவாரணம் நம் கடைகள் வழியாகவும் வரட்டும் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. அந்தக் கோரிக்கை எடுபட வேண்டுமானால் நம் எடையும் விலையும் கணக்கும் சரியாக இருக்க வேண்டும்.