அதலைக்காய்

அதலைக்காய் கரிசல் நிலத்தில் விதைக்காமலே முளைத்துக் காய்க்கும் ஒரு கொடிக்காய். பாகற்காயின் நெருங்கிய உறவு. கட்டைவிரல் நுனியளவே இருக்கும். காயின் மேல் நீளவாக்கில் பீர்க்கங்காய்க்கு இருப்பதுபோல வரிகள் ஓடும். கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், சாத்தூர், அருப்புக்கோட்டை வட்டாரங்களில் வடகிழக்குப் பருவமழைக்குப் பின் சில வாரங்கள் மட்டும் கிடைக்கிறது. விளாத்திகுளம் வட்டத்துக் குளத்தூர் போன்ற மானாவாரி ஊர்களில் இதை யாரும் பயிரிடுவதில்லை. மழை பெய்தால் வரும், பெய்யாவிட்டால் வராது. பேச்சு வழக்கில் அதலக்காய் என்பார்கள்.

பெயரும் வகைப்பாடும்

தாவரவியலில் இதன் பெயர் மொமோர்டிகா சிம்பலேரியா. சுரை, பூசணி, வெள்ளரி ஆகியவற்றை உள்ளடக்கிய குக்கர்பிட்டேசியே குடும்பத்தைச் சேர்ந்தது. வில்லியம் ராக்ஸ்பர்க் இதைப் பீர்க்கின் பேரினத்தில் வைத்து லூஃபா டியூபரோசா என்று பெயரிட்டார். காயின் வரிகளைப் பார்த்தவர்களுக்கு அவர் ஏன் அப்படிச் செய்தார் என்பது எளிதில் விளங்கும். பின்னர் வந்தவர்கள் இதைப் பாகலின் பேரினத்துக்கு மாற்றினர். பழைய பெயரில் இருந்த 'டியூபரோசா' என்ற சொல்லுக்குக் கிழங்குள்ளது என்று பொருள். அதலையின் வாழ்க்கை முழுவதும் அந்தக் கிழங்கைச் சுற்றியே நடப்பதால், வகைப்பாட்டில் பிழை இருந்தாலும் அந்தச் சொல் பொருத்தமானதுதான்.

தெலுங்கில் காசரகாய, கன்னடத்தில் கர்ச்சிகாயி, மராத்தியில் கடவஞ்சி என்று இதற்குப் பெயர். இந்தப் பெயர்கள் வழங்கும் இடங்களை வரைபடத்தில் குறித்தால், மராட்டியம் தொடங்கித் தெலங்கானா, வட கர்நாடகம், ராயலசீமை வழியாகக் கோவில்பட்டி வரை நீளும் கரிய மண்ணின் பரப்போடு அவை பெரிதும் ஒத்துப்போகின்றன. தக்காணத்திலிருந்து தெற்கே வந்து குடியேறிய தெலுங்கு பேசும் மக்களின் கதையைக் கி. ராஜநாராயணன் 'கோபல்ல கிராம'த்தில் எழுதினார். அந்த மக்கள் இங்கே வந்து சேர்ந்தபோது, ஊர் புதிதாக இருந்தாலும் காட்டில் கிடந்த இந்தக் காய் புதிதாக இருந்திருக்காது.

கொடியும் மண்ணும்

கரிசல் மண்ணின் களி ஈரம் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். சித்திரை, வைகாசியில் நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். மேல்மண்ணும் அதில் உதிர்ந்த விதைகளும் அந்த வெடிப்புகளுக்குள் விழுகின்றன. மழை வந்ததும் மண் உப்பி வெடிப்பு மூடிக்கொள்கிறது. இப்படி மேலே இருந்தது கீழே போவதாலும் கீழே இருந்தது மெல்ல மேலே வருவதாலும், தன்னைத் தானே உழுதுகொள்ளும் மண் என்று மண்ணியலாளர்கள் இதைச் சொல்வதுண்டு. ஒருமுறை நன்றாக நனைந்தால் வாரக்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். பருத்தியும் சோளமும் கம்பும் உளுந்தும் இங்கே மழையை மட்டும் நம்பி விளைவதற்கு இதுவே காரணம். இந்த மானாவாரி வேளாண்மைக்காகக் கோவில்பட்டியில் 1901 முதல் வேளாண் ஆராய்ச்சி நிலையம் இயங்கி வருகிறது.

அதலை இந்த மண்ணுக்கு ஏற்ற ஒரு வழியைக் கண்டிருக்கிறது. கோடை முழுவதும் கொடி இருந்த சுவடே இருக்காது. மண்ணுக்குள் கிழங்கு மட்டும் உறங்கிக் கிடக்கும். புரட்டாசி, ஐப்பசி மழையில் கிழங்கு துளிர்த்துத் தரையோடு படரும். அருகில் பருத்திச் செடியோ வேலியோ இருந்தால் பற்றுக்கம்பிகளால் பிடித்து ஏறும். பூ வெளிறிய நிறத்தில் சிறிதாக இருக்கும். பழுபாகலில் ஆண்கொடி, பெண்கொடி எனத் தனித்தனியே உண்டு. அதலையிலோ பாகலைப் போல ஒரே கொடியில் ஆண்பூவும் பெண்பூவும் பூக்கின்றன. கார்த்திகை, மார்கழியில் காய்ப்பு உச்சத்தில் இருக்கும். தை பிறந்து ஈரம் வற்றத் தொடங்கியதும் கொடி காய்ந்து மறைந்துவிடும்.

விதை உண்டு, ஆனால் அது எளிதில் முளைப்பதில்லை. அதன் தோல் கடினமானது. ஒரு காட்டில் ஆண்டுதோறும் அதே இடத்தில் அதலை தலைகாட்டுகிறது என்றால் பெரும்பாலும் பழைய கிழங்கே மீண்டும் துளிர்க்கிறது என்று கொள்ளலாம். ஊர்ப் பெண்களுக்கு அந்த இடங்கள் நினைவில் இருக்கும்.

பறிப்பு

கரிசல் வட்டாரத்தில் 'காடு' என்றால் வனம் அல்ல, மானாவாரி விளைநிலம். 'காட்டுக்குப் போனேன்' என்றால் வயல் வேலைக்குப் போனேன் என்று பொருள். ஆகவே அதலையைக் காட்டுக்காய் என்று சொல்லும்போது வெளியூர் வாசகர் மலையையும் மரங்களையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். உளுந்துக்கும் பருத்திக்கும் நடுவில், வரப்பில், தரிசில், ஓடைக்கரையில் கிடைப்பது இது. களை எடுக்கப் போகும் பெண்கள் கண்ணில் படுவதைப் பறித்து மடியில் கட்டிக்கொண்டு வருவார்கள். வீட்டுக்குப் போக மீந்தது சந்தைக்குப் போகும். விதைத்து விளைவிக்காத காய் என்பதால் நிலத்துக்காரர்கள் பொதுவாக இதைத் தடுப்பதில்லை.

பறிப்பதில் இரண்டு சிக்கல்கள் உள்ளன. முதலாவது, காய் சிறியது, இலைக்கடியில் ஒளிந்திருப்பது. ஒரு கிலோ சேர்க்கப் பாதிப்பொழுது குனிந்து நடக்க வேண்டியிருக்கும். இரண்டாவது, பறித்த காய் காத்திருக்காது. ஓரிரு நாள் வெளியில் கிடந்தாலே வெடித்து விதையைக் கக்கிவிடும். கொடியிலேயே முற்றவிட்டாலும் இதே கதைதான். எனவே காலையில் பறித்தது அன்று மாலைக்குள் விற்றாக வேண்டும். மதுரை, விருதுநகர் சந்தைகளைத் தாண்டி இந்தக் காய் அதிகம் பயணப்படாததற்கும், சென்னையில் பலர் இதன் பெயரையே கேள்விப்படாததற்கும் காரணம் இந்த வெடிப்பே. கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆறு மாதம் தாங்கும் பண்டமாக இருந்திருந்தால் அதலைக்காயும் இந்நேரம் ஊர் ஊராகப் போயிருக்கும்.

பிஞ்சாகப் பறிப்பது முக்கியம். நகத்தால் கீறினால் இறங்க வேண்டும். முற்றிய காயில் விதை பல்லில் கடிபட்டு உண்பதையே கெடுத்துவிடும். இதே நிலங்களில் பேய்க்குமட்டியும் படர்கிறது. அதுவும் கசப்பான கொடிக்காய்தான், ஆனால் கடுமையான பேதியை உண்டாக்கும். அதன் காய் உருண்டையாக, வரிகள் எழும்பாமல், அதலையைவிடப் பல மடங்கு பெரிதாக இருக்கும். இலை ஆழமாகப் பிளந்திருக்கும். பார்த்துப் பழகாதவர்கள் முதல் முறை தெரிந்தவர்களோடு போவது நல்லது. களைக்கொல்லியோ பூச்சிமருந்தோ அடித்த காட்டில் பறிக்கவே கூடாது.

சமையல்

அதலைக்காயை அரிய வேண்டியதில்லை. காம்பையும் நுனியையும் கிள்ளி எறிந்துவிட்டு முழுதாகவே சமைக்கலாம். சற்று முற்றியிருந்தால் இரண்டாகப் பிளந்து விதையை எடுத்துவிட வேண்டும். கசப்பு உண்டு, ஆனால் பாகற்காயின் கசப்பு அல்ல. மென்றதும் மொறுமொறுப்பும் அதன்பின் கசப்பும் வந்து, விழுங்கியதும் நாக்கில் லேசான இனிப்பு நிற்கும்.

வீடுகளில் அதிகம் செய்வது பொரியல். நல்லெண்ணெயோ கடலெண்ணெயோ சற்றுத் தாராளமாக ஊற்றிக் கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை தாளிக்க வேண்டும். காயின் அளவுக்குப் பாதியாவது சின்ன வெங்காயம் சேர்த்து வதக்கிப் பூண்டு தட்டிப் போட வேண்டும். பிறகு காயைப் போட்டு மஞ்சள், உப்பு, மிளகாய்ப்பொடி சேர்த்து இளந்தீயில் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். தண்ணீர் ஊற்றக் கூடாது, மூடியும் வைக்கக் கூடாது. இரண்டில் எதைச் செய்தாலும் காய் குழைந்து கசப்பு வெங்காயத்திலும் இறங்கிவிடும். காய் சுருங்கி ஓரம் சிவந்ததும் வறுத்த நிலக்கடலையைக் கொரகொரவெனப் பொடித்துத் தூவி இறக்கலாம். கடலைப்பொடி கசப்பை மறைப்பதில்லை, அதற்கு ஒரு துணை தருகிறது. கம்மங்கஞ்சிக்கும் சோளச்சோற்றுக்கும் தொட்டுக்கொள்ள இது ஏற்றது.

புளிக்குழம்பில் போடுவதானால் காயை முதலில் எண்ணெயில் நன்றாக வதக்கிக்கொண்டு, பிறகு கரைத்த புளியை ஊற்ற வேண்டும். பச்சையாகப் புளியில் போட்டால் காய் விறைத்துவிடும். இறக்கும்போது ஒரு சிறு துண்டு கருப்பட்டியோ வெல்லமோ சேர்ப்பவர்கள் உண்டு. மறுநாள் இந்தக் குழம்பு இன்னும் நன்றாக இருக்கும். பருப்போடு கூட்டாகவும் செய்யலாம்.

காய் வெடிக்கும் சிக்கலுக்குக் கரிசல் வீடுகள் கண்ட தீர்வு வத்தல். காயைக் கீறி உப்பிட்ட மோரில் ஊறவைத்து, பகலில் வெயிலிலும் இரவில் மோரிலுமாகச் சில நாள் மாற்றி மாற்றி வைத்து, கடைசியில் மோர் முழுவதும் வற்றும்வரை காயவைக்க வேண்டும். மிதுக்கங்காயையும் சுண்டைக்காயையும் வத்தல் போடும் அதே முறைதான். காட்டில் ஒன்றும் இல்லாத பங்குனி, சித்திரையில் இந்த வத்தல் எண்ணெயில் பொரிந்து கஞ்சிக்குத் துணை வரும்.

சத்தும் மருத்துவப் பேச்சும்

தமிழ்நாட்டில் செய்யப்பட்டு 2002-இல் வெளிவந்த ஓர் ஆய்வு அதலைக்காயின் சத்துகளை அளந்தது. அதன்படி 100 கிராம் காயில் சுமார் 84 விழுக்காடு நீர். சுண்ணாம்புச் சத்து 72 மில்லிகிராம், அதாவது பாகற்காயில் இருப்பதைப்போல மூன்று மடங்கு. நார்ச்சத்தும் பாகற்காயைவிட அதிகம். மார்கழியில் பால் வாங்க வசதியில்லாத வீடுகளுக்கு இது சிறிய செய்தி அல்ல.

சர்க்கரை நோய்க்கு அதலை நல்லது என்ற பேச்சு இன்று சந்தையில் இதன் விலையை ஏற்றியிருக்கிறது. காயின் சாறு எலிகளின் இரத்தச் சர்க்கரையைக் குறைப்பதாக ஆய்வுகள் உள்ளன. அதற்காக மாத்திரையை நிறுத்திவிட்டு அதலைக்காய் சாப்பிடுவது ஆபத்து. எலிக்குக் கொடுத்த சாறும் தட்டில் விழும் பொரியலும் ஒன்றல்ல. கிழங்கைப் பற்றிய எச்சரிக்கை இதைவிடக் கடுமையானது. வேர்க்கிழங்கின் சாறு எலிகளில் கரு தங்குவதைத் தடுப்பதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. நாட்டு வழக்கிலும் கருக்கலைப்புக்கு இதைப் பயன்படுத்தியதுண்டு. உணவாவது காய் மட்டுமே, கிழங்கு உணவல்ல.

வேறொரு நாட்டுக் காட்டுணவு

வட அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைகளில் வசந்தம் தொடங்கும்போது ராம்ப் எனப்படும் காட்டுப் பூண்டு துளிர்க்கிறது. பனி உருகியதும் வரும் முதல் பச்சை என்பதால் அங்குள்ள சுரங்கத் தொழிலாளர் ஊர்களும் சிற்றூர்களும் அதைத் தோண்டி எடுத்து உருளைக்கிழங்கோடும் பன்றி இறைச்சியோடும் பொரித்து உண்டன. அதற்கெனத் திருவிழாக்களும் நடக்கின்றன. நகர உணவகங்கள் அதைத் தேடத் தொடங்கியதும் நிலைமை மாறியது. ராம்ப் விதையிலிருந்து வளர்ந்து பூக்கப் பல ஆண்டுகள் ஆகும். அதைக் குமிழோடு தோண்டினால் அந்தச் செடி அத்தோடு முடிந்தது. கனடாவின் கியூபெக் மாகாணம் 1995-இல் ராம்ப் விற்பனையைத் தடைசெய்து, ஒருவர் ஆண்டுக்கு 50 குமிழ்கள் மட்டுமே எடுக்கலாம் என்று வரம்பு விதித்தது.

அதலையை உண்பவர்கள் கிழங்கைத் தொடுவதில்லை. அந்த வகையில் இது பிழைத்தது. எவ்வளவு பறித்தாலும் கிழங்கு மண்ணுக்குள் இருக்கிறது, அடுத்த மழைக்கு வரும். ஆகவே கியூபெக் சட்டத்தை இங்கே படியெடுத்தால் பயன் இராது. இங்கே அழிவு வேறு பக்கத்திலிருந்து வருகிறது.

குறைந்துவருதல்

பருத்தியும் சிறுதானியமும் நின்ற பல காடுகளில் இப்போது மக்காச்சோளம் நிற்கிறது. மக்காச்சோளத்துக்கு அடிக்கும் களைக்கொல்லி அகன்ற இலைச் செடிகளைக் கொல்லும், புல்லினப் பயிரை விட்டுவிடும். அதலை, பண்ணைக்கீரை, தொய்யக்கீரை எல்லாம் அந்தக் கணக்கில் களைகளே. களையெடுக்க ஆள் கிடைக்கவில்லை, கூலி கட்டுப்படியாகவில்லை என்று விவசாயி சொல்வதில் பொய்யில்லை. ஆனால் களையெடுக்கும் பெண்கள் காட்டுக்குப் போகாதபோது, கூலியோடு அந்த மடி நிறையக் காயும் அவர்கள் வீட்டுக்கு வராமல் போகிறது. எந்தச் செலவுக் கணக்கிலும் இந்த இழப்பு ஏறுவதில்லை.

டிராக்டர் கலப்பை மாட்டுக் கலப்பையைவிட ஆழமாகப் போய்க் கிழங்கைப் புரட்டிக் கோடை வெயிலில் போடுகிறது. உழவே இல்லாமல் விடப்பட்ட தரிசுகளைச் சீமைக்கருவேலம் பிடித்துக்கொள்கிறது, அதன் அடர்ந்த நிழலில் அதலை படராது. அதிகம் உழுதாலும் போகிறது, உழாமல் விட்டாலும் போகிறது என்ற இக்கட்டில் இந்தக் கொடி இருக்கிறது. இன்று இதைக் கூடுதலாகக் காண முடிவது வரப்புகளிலும் ஓடைக்கரைகளிலும் மருந்து அடிக்காத சிறு துண்டு நிலங்களிலும்தான்.

வளர்த்துப் பார்க்க விரும்புபவர்களுக்கு விதையைவிடக் கிழங்கே நம்பகமானது. கொடி காய்ந்த பிறகு இடத்தை அடையாளம் வைத்துக்கொண்டு, உழவில் புரண்டு மேலே வந்த கிழங்குகளைப் பொறுக்கி வரப்போரமோ வீட்டுத் தொட்டியிலோ கரிசல் மண்ணில் புதைத்து வைக்கலாம். கோடையில் தண்ணீர் ஊற்றினால் அழுகிவிடும். புரட்டாசி மழை வரும்வரை அப்படியே விட்டுவிட வேண்டும்.