கணக்கில் தெரியும் விசுவாசம்

பட்டுப் புடவை வாங்க வருகிறவர்கள் நிறம் பார்ப்பார்கள், கரை பார்ப்பார்கள், முந்தியை விரித்துப் பார்ப்பார்கள். ஜரிகைக்குள் என்ன இருக்கிறது என்பதை மட்டும் கண்ணால் பார்க்க முடியாது. அசல் ஜரிகை என்றால் பட்டு நூலின் மேல் மெல்லிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதற்குத் தங்க முலாம் பூசியிருக்க வேண்டும். பாலியெஸ்டர் இழையில் செம்புக் கம்பியைச் சுற்றினாலும் கடை விளக்கின் கீழே அதே மஞ்சள்தான் மின்னும். கல்யாணம் முடிந்து, புடவை பல வருடம் பீரோவில் கிடந்து, ஒருநாள் பழைய ஜரிகைக்கு விலை கேட்கப் போகும்போதுதான் குட்டு வெளிப்படும். அதற்குள் விற்றவர் யார் என்பதே மறந்திருக்கும்.

காஞ்சிபுரத்தை அடுத்த ஓரிக்கையிலும் சுற்றுவட்டாரத்திலும் தறி வைத்திருக்கும் குடும்பங்களுக்கு இது பழைய சங்கதி. காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. அரசின் தமிழ்நாடு ஜரிகை நிறுவனம் காஞ்சிபுரத்திலேயே இருக்கிறது. சில்க் மார்க் முத்திரையும் வந்துவிட்டது. இத்தனைக்குப் பிறகும், கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் சொல்லும் ஒரு வார்த்தையை நம்பித்தான் பெரும்பாலோர் பணத்தை எண்ணிக் கொடுக்கிறார்கள். அந்த ஒரு வார்த்தை உண்மையாக இருக்கிறதா என்பதில்தான் ஒரு கிறிஸ்தவருடைய விசுவாசம் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எத்தனை உருக்கமாகச் சாட்சி சொன்னார் என்பது எனக்கு அதற்குப் பிறகுதான்.

வேதாகமமும் இதையே வற்புறுத்துகிறது. கள்ளத் தராசை நீதிமொழிகள் கண்டிக்கிறது. அளவைக் குறைத்து விலையைக் கூட்டும் வியாபாரிகளைத் தீர்க்கதரிசி ஆமோஸ் சாடுகிறார். கூலியைப் பிடித்து வைத்துக்கொண்ட பணக்காரர்களுக்கு யாக்கோபு தன் நிருபத்தில் கடும் எச்சரிக்கை விடுக்கிறார். இயேசு தன் வீட்டுக்கு வந்த அன்று சகேயு பாட்டு எதுவும் பாடவில்லை. அநியாயமாக வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொன்னான். இரட்சிப்பு அந்த வீட்டுக்கு வந்தது என்று இயேசு அறிவித்தது அதற்குப் பிறகுதான்.

ஓரிக்கைக்கும் நேர்மை புதிய பேச்சல்ல. அரசனைப் புகழ்ந்து பாட மறுத்த கணிகண்ணன் காஞ்சியை விட்டு வெளியேற்றப்பட்டதையும், அவனோடு அவன் குரு திருமழிசை ஆழ்வாரும், ஆழ்வார் சொல்கேட்டுப் பெருமாளும் புறப்பட்டு, பாலாற்றங்கரையிலுள்ள இந்த ஊரில் ஓர் இரவு தங்கியதையும் வைணவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். பொய்யாகப் புகழ வாய் வராத ஒரு மனிதனைக் கொண்டாடும் ஊர் இது. இங்கே சிறுபான்மையாக வாழும் கிறிஸ்தவர்களை அண்டை வீட்டார் எந்தத் தராசில் நிறுத்துப் பார்ப்பார்கள் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் போதகர் என்ன பிரசங்கித்தார் என்று அவர்களுக்குத் தெரியாது. வாங்கிய கைமாற்றை நாங்கள் சொன்ன தேதியில் திருப்பிக் கொடுத்தோமா என்பது தெரியும்.

இந்த இடத்தில் ஒரு தமிழ்க் கிறிஸ்தவரை நினைவுபடுத்த வேண்டும். தமிழகத் திருச்சபைகள் போதுமான அளவு நினைக்காத மனிதர் அவர்.

ஜோசப் செல்லதுரை கொர்னேலியஸ் 1892 ஜனவரி 4 அன்று தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். லண்டனில் கணக்குத் தணிக்கை படித்தார். பம்பாயில் தணிக்கையாளராகத் தொழில் செய்தார். பிறகு அமெரிக்கா போய் சிராக்யூஸ், கொலம்பியா பல்கலைக்கழகங்களில் வணிக நிர்வாகமும் பொதுநிதியும் பயின்றார். கொலம்பியாவில் அவர் எடுத்துக்கொண்ட பொருள், பிரிட்டிஷ் அரசின் நிதிக் கொள்கை இந்தியாவை எப்படி ஏழையாக்கியது என்பது. வெள்ளைக்காரனுக்கு நிகராக உடுத்திப் பழகியவருக்கு அந்தக் கணக்கு கண்ணைத் திறந்தது. முன்னோர் வழிவந்த குமரப்பா என்ற பெயரை எடுத்துக்கொண்டார். நாம் அறிந்த ஜே.சி. குமரப்பா அவர்தான்.

1929 மே மாதம் சபர்மதி ஆசிரமத்துக்குத் தன் ஆய்வோடு போனார். மரத்தடியில், சாணம் மெழுகிய தரையில் ஒரு முதியவர் நூல் நூற்றுக்கொண்டிருந்தார். இவர் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். முதியவர்தான் முதலில் பேச்செடுத்தார். அவர்தான் காந்தி என்று தெரிந்ததும், போட்டிருந்த பட்டுக் கால்சட்டையின் மடிப்புக் கலைவதைப் பற்றிக் கவலைப்படாமல் குமரப்பா அந்தத் தரையிலேயே உட்கார்ந்தார். அன்றிலிருந்து அவர் வாழ்க்கை கதருக்கும் கிராமத்துக்கும் உரியதாயிற்று. காந்தியோடு நின்று சிறை சென்றார். 1934 இறுதியில் தொடங்கிய அகில இந்தியக் கிராமத் தொழில்கள் சங்கத்தை வார்தாவிலிருந்து நடத்தினார்.

அவர் குணத்தை அறிய ஒரே ஒரு நிகழ்ச்சி போதும். 1934 ஜனவரி 15 அன்று பீகாரைப் பெரும் பூகம்பம் தாக்கியது. ராஜேந்திர பிரசாத் தலைமையில் நிவாரணக் குழு அமைந்தது. நாடெங்கிலுமிருந்து பணம் வந்து குவிந்தது. அந்தப் பணத்துக்குக் காவலாகக் குமரப்பாவை அனுப்பினார்கள். அவர் போனதும் முதலில் வரம்பு கட்டினார். நிவாரணத் தொண்டர் ஒருவருக்குச் சாப்பாட்டுச் செலவு நாளொன்றுக்கு மூன்று அணா, அதற்கு மேல் கிடையாது. பிறகு காந்தி தன் பரிவாரத்தோடு பாட்னா வந்தார். பாலும் பழமும் அவர் ஆகாரம். கூட வந்தவர்களுக்கும் செலவு இருந்தது, வண்டிக்குப் பெட்ரோல் வேண்டியிருந்தது. நிவாரண நிதியிலிருந்து இதற்கெல்லாம் பணம் தர முடியாது, உங்கள் செலவை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று காந்தியின் செயலாளர் மகாதேவ தேசாயிடம் குமரப்பா சொல்லிவிட்டார். விஷயம் காந்தியின் காதுக்குப் போனது. அவர் கோபப்படவில்லை. குமரப்பா சொன்ன நியாயத்தை ஏற்றுக்கொண்டார்.

எதிரே நின்றவர் யார் என்பதை யோசித்துப் பாருங்கள். குமரப்பா தன் குருவாக வரித்துக்கொண்ட மனிதர் அவர். தேசமே கும்பிடுகிறவர். அவருக்காக நிதியிலிருந்து நாலு ரூபாய் எடுத்தால் ஒருவரும் வாய் திறந்திருக்க மாட்டார்கள். பக்தி என்று பாராட்டியிருப்பார்கள். ஆனால் அந்த நாலு ரூபாய் வீடிழந்தவனுக்கென்று யாரோ கொடுத்தது. லஞ்சம் வாங்காமல் இருப்பது இதோடு ஒப்பிட்டால் சுலபம். நாம் நேசிக்கிறவருக்காகவும் மதிக்கிறவருக்காகவும் வளையாமல் இருப்பதுதான் கடினம். என் அனுபவத்தில் திருச்சபைக்குள் நேர்மை சறுக்கும் இடமும் அதுவே. எதிரிக்காக ஒருவரும் கணக்கைத் திருத்துவதில்லை. ஆயருக்காக, நண்பருக்காக, சொந்தக்காரருக்காக, ஊழியத்துக்காக என்று சொல்லித்தான் திருத்துகிறார்கள்.

அப்போஸ்தலன் பவுலும் இதைத் தெரிந்து வைத்திருந்தார். எருசலேமின் ஏழைகளுக்காகச் சபைகளில் சேர்த்த காணிக்கையை அவர் தனியாகக் கொண்டுபோகத் துணியவில்லை. சபைகள் தேர்ந்தெடுத்த சகோதரர்களைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டார். கர்த்தருக்கு முன்பாக மட்டுமல்ல, மனிதருக்கு முன்பாகவும் குற்றம் சொல்ல இடம் வைக்கக் கூடாது என்ற எண்ணத்தில் அப்படிச் செய்ததாகக் கொரிந்தியருக்கு விளக்கம் எழுதினார். என் மனசாட்சி சுத்தமாக இருக்கிறது, நீ யார் கேட்பதற்கு என்று பவுலே சொல்லவில்லை.

குமரப்பா எல்லாருக்கும் இனியவராக இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். முன்கோபி என்று பெயர் எடுத்தவர். சொந்தத் திருச்சபையின் தலைமையோடும் மோதினார். 1930இல் சட்டமறுப்பு இயக்கம் கிறிஸ்துவின் போதனைக்கு மாறானது என்று கல்கத்தாவிலிருந்த ஆங்கிலிக்கன் பேராயர் ஃபாஸ் வெஸ்ட்காட் கருத்துச் சொன்னபோது, குமரப்பா பகிரங்கமாக மறுத்து எழுதினார். ஆளும் அரசோடு திருச்சபை கைகோத்து நின்ற காலம் அது. பேராயரோடு ஒத்துப்போயிருந்தால் மரியாதை கிடைத்திருக்கும். அவருக்குக் கிடைத்தது சிறை. வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் மறுபடியும் சிறைப்பட்டபோது ஜபல்பூர் சிறைக்குள் இருந்துகொண்டு இரண்டு நூல்களை எழுதினார். ஒன்று இயேசுவின் வாழ்வையும் போதனையையும் பற்றியது. மற்றது நிலைத்த பொருளாதாரத்தைப் பற்றியது. ஒரே சிறையில், ஒரே கையால், பக்திக்கு ஒரு நூலும் பொருளாதாரத்துக்கு ஒரு நூலுமாக வந்திருக்கின்றன. அவருக்கு இரண்டும் ஒரே விஷயம். அன்றாட அப்பத்துக்காக ஜெபிக்கிறவன் அந்த அப்பம் எந்த வழியில் வருகிறது என்று கேட்காமல் இருக்க முடியாது என்பது அவர் கட்சி.

அந்தப் பொருளாதார நூலில் அவர் இயற்கையிலிருந்து ஐந்து வகை வாழ்க்கையை எடுத்துக் காட்டுகிறார். இரையைக் கொன்று தின்னும் புலி. பாடுபடாமல் தோப்பில் புகுந்து பழம் பறிக்கும் குரங்கு. உழைத்துத் தன் கூட்டைத் தானே கட்டும் பறவை. கூட்டத்துக்காகச் சேர்க்கும் தேனீ. எதையும் எதிர்பார்க்காமல் குஞ்சுக்கு ஊட்டும் தாய்ப்பறவை. மனிதன் புலியிடமிருந்து தாய்ப்பறவையை நோக்கி நடக்க வேண்டும் என்கிறார். ஒரு பொருளை வாங்குகிறவர், அது உருவான விதத்துக்கும் பொறுப்பாளி என்பதையும் அவர் திரும்பத் திரும்ப வலியுறுத்தினார். அநியாயத்தில் பிறந்த பொருளைக் காசு கொடுத்து வாங்கினால் அந்த அநியாயத்தில் வாங்கியவருக்கும் பங்கு உண்டு.

இதை ஓரிக்கையில் உட்கார்ந்து படித்தால் உடம்பு கூசும். கோர்வைப் புடவை நெய்ய ஒரு ஆள் போதாது. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம் என்பதால் ஊடைக்கு மூன்று நாடா வேண்டும். நெய்பவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கான நாடாவைத் தள்ளித் தர ஒரு துணை வேண்டும். அந்தத் துணையாக வெகுகாலம் பிள்ளைகளை உட்கார வைத்தார்கள். அப்பா வாங்கிய முன்பணத்துக்கு ஈடாகப் பிள்ளை தறிக்குப் போனது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976லேயே வந்துவிட்டது. ஆனாலும் பட்டுத் தொழிலில் கொத்தடிமைகளாக இருந்த குழந்தைகளைப் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003இல் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இருந்தது. இன்று அந்த நிலை வெகுவாக மாறியிருக்கிறது. தறியே குறைந்துவிட்டது, பிள்ளைகள் பள்ளிக்கும் கல்லூரிக்கும் போகிறார்கள். முன்பணம் மட்டும் போகவில்லை. முதலாளியிடம் வாங்கிய கடன் தீராமல், கூலி உயர்வு கேட்க முடியாமல், வேறு இடத்துக்கும் போக முடியாமல் இருக்கும் நெசவாளரை இன்றும் இந்தப் பகுதியில் பார்க்கலாம்.

கிறிஸ்தவர்கள் எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கும் காஞ்சிப் பட்டுதான் எடுக்கிறோம். ஆலயத்தில் மோதிரம் மாற்றும்போது மணமகள் உடுத்தியிருக்கும் புடவைக்குக் கொடுத்த விலையில் நெய்தவர் கைக்கு எவ்வளவு போனது என்று நாங்கள் கேட்பதில்லை. பேரம் பேசி விலையைக் குறைத்ததைச் சாமர்த்தியமாகச் சொல்லிக்கொள்கிறோம். குமரப்பாவின் கணக்கில் இதற்கும் ஒரு பத்தி உண்டு.

குமரப்பாவுக்கு முன்பே, வேறொரு நாற்காலியிலிருந்து, இன்னொரு தமிழ்க் கிறிஸ்தவர் இதே வழியில் நடந்திருக்கிறார். பிரதாப முதலியார் சரித்திரம் எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை மாவட்ட முன்சீப். கத்தோலிக்கர். லஞ்சத்தைக் கண்டித்துப் பாட்டும் எழுதினார், லஞ்சம் வாங்காத நீதிபதியாகவும் இருந்தார். ஆங்கிலம் தெரியாத மக்களுக்காகத் தீர்ப்புகளைத் தமிழில் தொகுத்து 1862இல் வெளியிட்டார். 1876இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தில் தன் பணத்தைச் செலவழித்து மாயூரத்தில் ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றினார். கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் புகழ்ந்து கீர்த்தனை பாடினார். நந்தன் சரித்திரம் பாடிய சிவபக்தரை ஒரு கிறிஸ்தவர்மேல் பாட வைத்தது வேதநாயகத்தின் மதப் பிரசங்கம் அல்ல. அவர் ஊற்றிய கஞ்சி.

இந்த இருவரையும் பற்றிப் பெருமைப்பட எங்களுக்கு உரிமை இருக்கிறதா என்ற கேள்வி என்னைத் தொந்தரவு செய்கிறது. ஆண்டர்சன் பள்ளியைப் போன்ற மிஷன் பள்ளிகள் காஞ்சியிலும் தமிழ்நாடெங்கும் கிறிஸ்தவர்களுக்கு நல்ல பெயர் வாங்கித் தந்தன. அந்தப் பெயரின் வட்டியில்தான் நாங்கள் இன்றும் வாழ்கிறோம். மறுபக்கம், திருச்சபைத் தேர்தல் தகராறும் சொத்துத் தகராறும் நீதிமன்றப் படியேறுகின்றன. மிஷனரிகள் ஏழைப் பிள்ளைகளுக்காக வாங்கிப் போட்ட நிலத்தை விற்றதாக வழக்கு நடக்கிறது. ஆசிரியர் நியமனத்துக்குப் பணம் என்ற பேச்சை ஊரில் எல்லாரும் கேட்டிருக்கிறார்கள். இதையெல்லாம் வெளியே பேசினால் சபைக்கு அவமானம் என்று சொல்லி அடக்குகிறவர்களும் உண்டு. அவமானம் பேசுவதில் இல்லை. செய்ததில் இருக்கிறது.

குமரப்பா கடைசிக் காலத்தை மதுரை மாவட்டம் தே. கல்லுப்பட்டியில், காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கழித்தார். அவர் அறையில் ஒரு ஏழைக் கிராமவாசியின் படம் இருந்தது. காந்தி என் எஜமானர், இவர் என் எஜமானரின் எஜமானர் என்று வந்தவர்களிடம் சொல்வாராம். 1960 ஜனவரி 30 அன்று, காந்தி இறந்த அதே தேதியில், காலமானார்.

கிறிஸ்தவ வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். வரும் ஆண்டுக் கூட்டத்தில் உங்கள் சபையின் வரவு செலவுக் கணக்கைக் கேளுங்கள். சபை நடத்தும் பள்ளியின் கணக்கையும் சேர்த்துக் கேளுங்கள். தணிக்கை செய்த கணக்கை ஆலய அறிவிப்புப் பலகையில், போகிற வருகிற எல்லாரும், மற்ற மதத்து அண்டை வீட்டாரும்கூட, படிக்கும்படி ஒட்டச் சொல்லுங்கள். உங்களிடம் வேலை செய்கிறவருக்குக் கூலி பாக்கி இருந்தால் அந்தக் கூட்டத்துக்குப் போகும் முன்பே கொடுத்துவிடுங்கள்.