வழிப்பிரயாணியும் சீனச் சாப்பாட்டுக் கடையும்



கொழும்பை விட்டு வடக்கு நோக்கியோ மலைநாடு நோக்கியோ பிரயாணஞ் செய்வோர் களனி கங்கையைக் கடந்ததும் முதலில் அடையும் ஊர் பேலியகொடை. கண்டி வீதியும் புத்தளம் வீதியும் இங்கேதான் பிரிகின்றன. 2011ஆம் ஆண்டிலே கொழும்பின் மத்திய மீன்சந்தை இங்கு இடம் மாறியது. 2013ஆம் ஆண்டிலே கட்டுநாயக்காவுக்குச் செல்லும் அதிவேகப் பாதை திறக்கப்பட்டது. இரவு பகலாக வாகனங்கள் ஓயாத இத்தகைய இடங்களிலே, சோறும் கறியும் விற்கும் கடைகளின் அருகே, 'சைனீஸ்' என்று பெயர்ப்பலகை தாங்கிய சிறு போசனசாலைகளையும் காண்கின்றோம். பத்து நிமிடத்தில் சூடாக உணவு கிடைக்கும் என்பதே பிரயாணியை அங்கு இழுக்கும் கவர்ச்சி. அவ்வாறு நுழைபவர் அறிந்திருக்க வேண்டிய சில செய்திகளை இன்று உங்களுடன் பேச விரும்புகின்றேன்.

அங்கே கிடைப்பது சீன உணவுதானா என்பது முதற் கேள்வி. பெயரளவிலே சீனம், பிறப்பினாலே பல தேசத்துக் கலப்பு என்பதே தக்க விடை. சொப்சூயி என்னும் உணவு அமெரிக்காவிற் குடியேறிய சீனர் மூலமாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலே புகழ் பெற்றது. சுவைக்குத் தூவும் அஜினோமோட்டோ உப்பு, 1908ஆம் ஆண்டில் ஜப்பானிய அறிஞர் இக்கெடா கண்டறிந்த பொருள். மிளகாயோ, போர்த்துக்கேயர் காலத்தில் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கீழைத்தேசங்களுக்கு வந்து சேர்ந்தது. கறிமிளகாயும் வெங்காயமும் தக்காளிச் சோசும் சேர்த்து உறைப்பாகப் பிரட்டி எடுக்கும் 'டெவில்' வகைகளும், வெண்ணெயிற் பொரித்த கணவாயும் இலங்கை நாக்குக்கென்றே அமைந்தவை.

ஆயினும், இக்கடைகளின் பின்னாலே உண்மையான சீன மக்களின் வரலாறும் உண்டு. சைக்கிளிலே துணிமூட்டையை ஏற்றி, வீடு வீடாகச் சென்று விற்ற சீன வணிகரை முதியோர் மறந்திரார். பல் கட்டுந் தொழிலையும் உணவுக்கடை நடத்துதலையும் அவர்களுட் சிலர் மேற்கொண்டனர். நெடுங்காலம் நாடற்றோராய் வாழ்ந்த அச்சிறு சமூகத்தாருக்கு, 2008ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட விசேட சட்டமே இலங்கைக் குடியுரிமையை அளித்தது. அவர்கள் கொணர்ந்த சமையல் முறையை இன்று சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் தமதாக்கிக் கொண்டுள்ளனர்.

அம்முறையின் சிறப்பு நெருப்பிலே உள்ளது. குழிந்த இரும்புத் தாச்சியைப் பெருநெருப்பின்மேல் ஏற்றி, எண்ணெய் நன்கு காய்ந்தபின், பொடியாக அரிந்த மரக்கறிகளை இட்டு, கை ஓயாமற் பிரட்டுகின்றனர். துண்டங்கள் சிறியனவாதலின் விரைவில் வேகின்றன. விரைவில் வேகுதலின் நிறமும் மொறுமொறுப்பும் கெடுவதில்லை. பிறைட் றைஸுக்கு ஆறிய சோறே ஏற்றது. சோறு ஆறும்போது அதன் மாப்பொருள் இறுகுகின்றது. ஆகையால் பருக்கைகள் ஒன்றோடொன்று ஒட்டாமற் பிரிந்து நிற்கின்றன.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். சோற்றிலே இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிரின் வித்துக்கள் கொதிநீரிலும் அழியா. வெப்பமான அறையிலே சோறு மணிக்கணக்காகக் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். அந்நஞ்சு மீண்டும் வறுத்தாலும் நீங்குவதில்லை. 1970களின் தொடக்கத்தில் பிரித்தானியாவிலே, சீன உணவுக்கடைகளிற் பிறைட் றைஸ் உண்டோர் சிலர் வாந்தியுற்றபோது இவ்வுண்மை வெளிப்பட்டது. ஆகவே ஆறிய சோறு குளிர்ப்பெட்டியிலிருந்து வருதல் வேண்டும்; அடுப்பங்கரையிலே நாள் முழுதும் திறந்து கிடந்ததாயின் அதனைத் தவிர்த்தலே நலம். சனம் நிறைந்த கடையிலே சோறு தேங்குவது அரிது என்பதையும் நினைவிற் கொள்க.

இனி, என் மனத்தை உறுத்திய ஒரு நிகழ்ச்சியைச் சொல்லுகின்றேன். சில ஆண்டுகளுக்கு முன் எமது பாடசாலை மாணவரைக் கொழும்புக்குக் கல்விச் சுற்றுலா அழைத்துச் சென்றிருந்தோம். பகலிலே நூதனசாலையில், காலியிற் கண்டெடுக்கப்பட்ட மும்மொழிக் கல்வெட்டைக் காட்டினேன். 1409ஆம் ஆண்டைக் குறிக்கும் அக்கல் சீனக் கடற்றளபதி செங் ஹோவினுடையது. அதிலே சீனமொழி புத்தபிரானுக்கும், தமிழ்மொழி தெய்வேந்திரமுனையிலே கோயில்கொண்ட திருமாலுக்கும், பாரசீகமொழி அல்லாஹ்வுக்கும் அளித்த காணிக்கைகளைக் கூறுகின்றன. யாருக்கு எது உகந்தது என்று அறிந்து கொடுத்த பண்பினை வியந்து, மாணவருக்கு நீளமாக விளக்கினேன்.

அன்றிரவு ஊர் திரும்பும் வழியிலே, பேலியகொடையில் ஒரு சீனக் கடையில் இறங்கினோம். சைவ உணவே உண்ணும் மாணவன் ஒருவனுக்கு 'மரக்கறிச் சோறு' என்று சொல்லிவிட்டு நான் வேறு மேசைக்குப் போய்விட்டேன். பாதி உண்டபின் அவன் என்னிடம் வந்து, "சேர், இது முட்டையோ?" என்று மெல்லக் கேட்டான். பார்த்தேன்; முட்டைதான். பரிமாறிய இளைஞரோ, "இறைச்சி போடவில்லையே" என்று உண்மையாகவே வருந்தினார். அவருடைய வழக்கிலே முட்டை சேர்ந்ததும் மரக்கறிச் சோறுதான். யாழ்ப்பாணம் வந்து சேரும்வரை அம்மாணவன் வேறெதுவும் உண்ணவில்லை. கல்லிலே கண்ட பாடத்தை மேசையிலே மறந்தவன் நான். பிழை கடைக்காரருடையதன்று, கேளாதிருந்த என்னுடையதே.

ஆதலின், சொல்லுமுன் கேளுங்கள். முட்டை மாத்திரமன்று, சிப்பிச் சோசும் மீன் சோசும் கண்ணுக்குப் புலப்படாமற் சுவையிலே கலந்திருக்கும். "மஸ், மாளு, பித்தர எபா", அதாவது இறைச்சி, மீன், முட்டை வேண்டா என்று சிங்களத்திற் சொல்லப் பழகுங்கள். தாச்சியைக் கழுவிச் சமைக்குமாறும் கேட்கலாம். பன்றி இறைச்சியை விலக்குவோரும், இறாலோ கணவாயோ உடலுக்கு ஒவ்வாதோரும் இவ்வாறே கேட்டறிதல் வேண்டும். ஒரு பங்கு சோறு பெரும்பாலும் இருவருக்குப் போதுமாதலால், வாங்குமுன் அளவையும் விசாரியுங்கள், வீணாக்காமல் உண்ணலாம்.

கேட்பதை அவமரியாதை என்று எண்ணி நம்மவர் பலர் கூசுகின்றனர். கேட்கப்பட்டவர் மகிழ்ச்சியோடு விடை சொல்வதையே நான் பின்னர் பல கடைகளிற் கண்டேன். அந்நியர் இருவரிடையே அறிமுகம் பிறப்பதற்கு ஒரு பீங்கான் சோறும் ஒரு சிறு கேள்வியும் போதும்.