வாளிக் காதும் ஃபேன் ரெகுலேட்டரும்

கொதிக்கும் சாம்பாரோடு பந்தியில் வலம் வரும் எவர்சில்வர் வாளியை ஒருமுறை உற்றுப் பாருங்கள். கைப்பிடியைத் தாங்கும் ‘காது’ பல வாளிகளில் ரிவிட் அடித்துப் பொருத்தப்பட்டிருக்காது. சின்னச் சின்ன வட்டத் தழும்புகள்தான் தெரியும். அதுதான் ஸ்பாட் வெல்டிங். அந்தத் தழும்பு ஏமாற்றினால், சாம்பார் யார் காலில் கொட்டும் என்று சொல்ல முடியாது.

இரண்டு தகடுகளைச் சேர்த்து வைத்து, மேலும் கீழும் செம்பு முனைகளால் இறுக்கி, கண்சிமிட்டும் நேரம் மின்சாரம் பாய்ச்சுவார்கள். சில வோல்ட்தான். ஆனால் கரண்ட் ஆயிரக்கணக்கான ஆம்பியர்! தகடுகள் தொடும் இடம் உருகி, ஆறி, ஒன்றாகிவிடும். கரண்ட் அதிகமானால் பொறி பறந்து ஓட்டை விழும். அது கண்ணுக்குத் தெரிந்துவிடும். குறைந்தால்தான் ஆபத்து. வெளியே அதே அழகான தழும்பு இருக்கும், உள்ளே தகடுகள் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும். கரண்ட் 10 சதவிகிதம் குறைந்தாலே சூடு சுமார் 19 சதவிகிதம் குறைந்துவிடும்.

இந்தக் கரண்டை எப்படிக் கட்டுப்படுத்துகிறார்கள்? வீட்டில் ‘டிரையாக்’ வைத்த ஃபேன் ரெகுலேட்டர் செய்யும் அதே வேலைதான். நம் மின்சாரம் நொடிக்கு 50 அலைகளாக வருகிறது. அதாவது 100 அரை அலைகள், ஒவ்வொன்றும் 10 மில்லி நொடி. ஒவ்வொரு அரை அலையிலும் முன்பகுதியைத் தடுத்துவிட்டு, மீதியை மட்டும் உள்ளே விட வேண்டும். வெல்டிங் மெஷினில் இந்த வாயிற்காப்போன் ‘தைரிஸ்டர்’. அரை அலையை 180 டிகிரியாகக் கணக்கிட்டு, எந்த டிகிரியில் கதவு திறக்கிறது என்று பார்ப்பதால் இதற்கு ‘ஃபேஸ் ஆங்கிள் கன்ட்ரோல்’ என்று பெயர்.

சிக்கல் என்னவென்றால், குமிழை 50-ல் வைத்தால் பாதி கரண்ட் வரும் என்று நம்ப முடியாது. சாதாரண ஹீட்டரிலேயே 90 டிகிரியில் கதவைத் திறந்தால் சூடுதான் பாதியாகும், கரண்ட் சுமார் 71 சதவிகிதம் இருக்கும். வெல்டிங் மெஷினில் டிரான்ஸ்ஃபார்மர் வேறு இருக்கிறது. அதனால் வோல்டேஜுக்குப் பின்னால்தான் கரண்ட் நகர்ந்து வரும். அந்தத் தாமதத்துக்கும் முன்பே கதவைத் திறந்தால் ஒரு அரை அலை பெருத்து, அடுத்தது மெலிந்து, டிரான்ஸ்ஃபார்மர் உறும ஆரம்பித்துவிடும். எனவே பாதுகாப்பாகத் திறக்கக்கூடிய முதல் கோணத்தைக் கண்டுபிடித்து, அதையே குமிழின் உச்சமாக அமைக்கிறார்கள்.

பிறகு மெஷினின் கையைச் சுற்றி ஒரு வளையக் காயிலை மாட்டி, வெல்டிங் கரண்ட் மீட்டரோடு இணைக்க வேண்டும். குமிழ் 30, 40, 50 என்று ஏற ஏற, உண்மையில் பாயும் ஆம்பியரைக் குறித்துக்கொள்ள வேண்டும். செம்பு முனைகளை வெறுமனே முட்டவிட்டு அளந்தால் போதாது. நடுவில் தகடு வந்ததும் கரண்ட் மாறும். வேலைக்கான அளவை உச்சத்திலேயே வைத்துவிடவும் கூடாது. லைன் வோல்டேஜ் இறங்கும்போது, நல்ல கன்ட்ரோலர் கதவைச் சற்று முன்னதாகத் திறந்து ஈடுகட்டும். அதற்கு இடம் மிச்சம் வேண்டுமே!

இத்தனையும் செய்தபின், செம்பு முனை தேய்ந்து 5 மி.மீ. அகலம் 6 மி.மீ. ஆனால் போச்சு. பரப்பு 44 சதவிகிதம் கூடி, அதே கரண்ட் பரவி வீணாகும். மீட்டர் சரியாகத்தான் காட்டும், வெல்டு பலவீனமாக இருக்கும்.

அதனால் கடைசித் தீர்ப்பு குறடுக்குத்தான். வெல்டு அடித்த சோதனைத் துண்டைப் பிடித்து, ஒரு தகட்டை உரித்து இழுப்பார்கள். தழும்பு இருந்த இடத்தில் ஒரு தகடு ஓட்டையாகி, மற்றதில் பட்டன் போல உலோகம் நின்றால் பாஸ். சுத்தமாகப் பிரிந்து வந்தால், மறுபடி குமிழ், மறுபடி மீட்டர்.