பட்டாணியின் வாலை நறுக்கியவர்கள்

ஆப்பிள், முட்டை போன்றவற்றுக்கு ஆங்கிலத்தில் 'எஸ்' சேர்க்கலாம். அரிசி, வெண்ணெய், ரொட்டிக்குச் சேர்க்கக் கூடாது. எண்ண முடிவது, முடியாதது என்று பள்ளியில் இரண்டு பட்டியலாக மனப்பாடம் செய்திருப்போம். ஓட்ஸ் வந்ததும் பட்டியல் தடுமாறுகிறது. ஓட்ஸ் மணியும் கோதுமை மணியும் ஏறக்குறைய ஒரே பருமன்தான். ஆனால் கோதுமையைக் குறிக்கும் 'வீட்' எண்ண முடியாத ஒருமை, ஓட்ஸ் பன்மை. நூடுல்ஸும் பன்மை, ஸ்பெகட்டியோ ஒருமை. இத்தனைக்கும் இத்தாலியில் ஸ்பெகட்டி பன்மைச் சொல்!

பொருளைப் பார்த்து விதியைக் கண்டுபிடிக்க முயல்பவர் இங்கே தோற்றுத்தான் போவார். பேசுவோரின் பழக்கம் வைத்ததுதான் சட்டம். அந்தப் பழக்கம் ஒரு சொல்லையே வெட்டி மாற்றிய கதையும் உண்டு.

முன்னாளில் ஆங்கிலத்தில் பட்டாணிக்கு 'பீஸ்' என்று பெயர். லத்தீன் 'பீசும்' வழியாக வந்த சொல். கடைசி 'ஸ்' சொல்லோடு பிறந்த ஒலி, பன்மை விகுதி அல்ல. போகப்போக மக்கள் காதுக்கு அது பன்மையாகக் கேட்கத் தொடங்கியது. பன்மை இருந்தால் ஒருமையும் இருக்க வேண்டுமே? 17ஆம் நூற்றாண்டு வாக்கில் வாலை நறுக்கிவிட்டார்கள். மிஞ்சிய ஒருமையைத் தமிழில் எழுதினால் சிரிப்பு வரும், விட்டுவிடுகிறேன். பழைய வடிவம் 'பீஸ் புட்டிங்' என்ற இங்கிலாந்துப் பண்டத்தின் பெயரில் இன்னும் இருக்கிறது.

ஒரே சொல் இரண்டு பக்கமும் நிற்பதும் உண்டு. 'சிக்கன்' என்றால் தட்டில் உள்ள கறி. முன்னால் 'எ' சேர்த்தால் முழுக் கோழி. 'ஐ ஏட் எ சிக்கன்' என்பவர் ஒரு கோழியையே தனியாளாகத் தீர்த்தவர்! காபி எண்ண முடியாததுதான், ஆனால் உணவகத்தில் 'டூ காஃபீஸ்' கேட்டால் இரண்டு கோப்பை வரும். 'சீஸஸ்' என்பது பல வகைச் சீஸ்.

நமக்கு இதெல்லாம் குழப்புவதில் வியப்பில்லை. தமிழில் அஃறிணைக்குப் பன்மை விகுதி கட்டாயமில்லை. 'நாலு இட்லி' போதும், 'நாலு இட்லிகள்' என்றால்தான் சர்வர் ஒரு மாதிரி பார்ப்பார். அந்தப் பழக்கத்தில் 'டூ ப்ரெட்' என்றுவிடுகிறோம். ஆங்கிலத்தில் துண்டை 'ஸ்லைஸ்' என்றும் முழு ரொட்டியை 'லோஃப்' என்றும் சொல்லித்தான் எண்ண வேண்டும்.

ஆங்கிலேயர்களுக்குள்ளும் சண்டை ஓயவில்லை. எண்ண முடிவது குறைந்தால் 'ஃப்யூவர்', முடியாதது குறைந்தால் 'லெஸ்' என்பது இலக்கணக் கறார்க்காரர்களின் கட்சி. பிரிட்டனின் டெஸ்கோ அங்காடிகளில் விரைவு வரிசைக்கு மேலே '10 ஐட்டம்ஸ் ஆர் லெஸ்' என்று தொங்கிய பலகை அவர்களை உறுத்தியது. 2008இல் டெஸ்கோ அதை 'அப் டு 10 ஐட்டம்ஸ்' என்று மாற்றி, இரண்டு சொல்லையுமே கழற்றிவிட்டது.